வீட்டில் சிறு கிளி வளர்த்தல்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



குடிநீர், சாலை, விதை, உரம் என்று காலை முதல் பெரிய விஷயங்களையே கேட்டு வந்தீர்கள். இப்பொழுது கிளி வளர்ப்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் முகத்தில் முறுவல் தோன்றுவதைக் காண்கிறேன். கிளி வளர்ப்பது சிறுவர் விளையாட்டு என்று நினைப்பது இயல்பே. ஆனால் இன்று கிராமங்களில் கிளி வளர்ப்பு இரண்டு வழிகளில் நடைபெறுகிறது. ஒன்று, மரப்பொந்திலிருந்து பச்சைக்கிளிக் குஞ்சை எடுத்துவந்து கூண்டில் அடைப்பது. மற்றொன்று, கடையிலிருந்து வண்ணச் சிறு கிளிகளை வாங்கி வந்து, அவை பெருகினால் விற்றுப் பணம் பார்க்கலாம் என்று தொடங்குவது. முதல் வழி குடும்பத்தை வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும். இரண்டாவது வழி, முறையோடு செய்தால் மகிழ்ச்சியும் சிறு வருவாயும் தரும். முறையின்றிச் செய்தால் பறவைகளும் மடியும், போட்ட பணமும் மடியும். ஆகவே இதனை ஒழுங்காக அறிந்துகொள்வது நல்லது.

நம் நாட்டுப் பச்சைக்கிளி

தமிழ் மக்களுக்குக் கிளி புதியதன்று. தினைப்புனத்தில் பரண்மீது அமர்ந்து கிளி கடிந்த மகளிரைச் சங்கப் பாடல்கள் நமக்குக் காட்டுகின்றன. மதுரை மீனாட்சியின் கையிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையிலும் கிளி உண்டு. பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் அழகருக்குத் தூது அனுப்பியதும் ஒரு கிள்ளையையே. இவ்வளவு நெருங்கிய பறவையை வீட்டில் வைத்துக் கொஞ்ச வேண்டும் என்று ஆசை எழுவதில் வியப்பில்லை.

ஆயினும், நம் நாட்டுக் கிளிகள் அனைத்தும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. கழுத்தில் சிவப்பு வளையமுள்ள சாதாரணப் பச்சைக்கிளி, செந்தலைக் கிளி, மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் நீலச் சிறகுக் கிளி ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 2022இல் திருத்தப்பெற்று 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய அட்டவணைகளிலும் இப்பாதுகாப்பு நீடிக்கிறது. இவற்றைப் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், வீட்டில் அடைத்து வைப்பதும் குற்றமாகும். சிறைத் தண்டனைக்கும் அபராதத்துக்கும் இடமுண்டு. 'வேட்டை' என்றால் துப்பாக்கி எடுத்துச் சுடுவது மட்டுமே என்று பலர் கருதுகின்றனர். சட்டத்தின் பொருள் அதனினும் விரிந்தது. உயிரோடு பிடிப்பதும், முட்டையை எடுப்பதும், கூட்டைக் குலைப்பதும்கூட வேட்டையே. கிளி ஜோசியத்துக்காக வைத்திருந்தாலும், பாசத்துக்காக வைத்திருந்தாலும் சட்டத்தின் முன் வேறுபாடு இல்லை.

சட்டத்தை விட்டுவிட்டுப் பறவையின் பக்கம் நின்று பார்ப்போம். பச்சைக்கிளி பொந்தில்தான் முட்டையிடும். தலை ஒடிந்த மொட்டைப் பனையும், பொந்து விழுந்த முதிய ஆல், அரசு, புளி மரங்களுமே அதற்கு வீடு. தை, மாசி, பங்குனி மாதங்களில் சிறுவர்கள் பனையில் ஏறிப் பொந்தில் கைவிட்டுக் குஞ்சுகளை எடுக்கின்றனர். கண் திறவாத குஞ்சுக்கு எதை, எவ்வளவு சூட்டில் ஊட்டுவது என்பது அவர்களுக்குத் தெரியாது. சோற்றையும் பாலையும் திணிக்கின்றனர். குஞ்சுகளில் பல சில நாட்களிலேயே இறந்துவிடும். பிழைத்த ஒன்றுக்குச் சிறகை வெட்டிவிடுவர். சிறகிழந்த கிளி பூனைக்கும் காகத்துக்கும் இரை. ஒரு கிளி வீட்டுத் திண்ணையில் 'அக்கா' என்று கூப்பிடுவதற்காக ஒரு பொந்துக் குடும்பமே அழிகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

'கிளி எங்கள் சோளத்தையும் சூரியகாந்தியையும் கொய்யாவையும் நாசம் செய்கிறதே, அதனைப் பிடித்தால் என்ன?' என்று விவசாயிகள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. கதிர் முற்றும் பருவத்தில் காலையிலும் மாலையிலும் கிளிக்கூட்டம் இறங்குவது உண்மையே. ஆனால் பொந்திலிருந்து இரண்டு குஞ்சுகளை எடுப்பதனால் வயலில் இறங்கும் கூட்டம் குறைந்துவிடாது. வயலின் குறுக்கே பளபளக்கும் ஒளி நாடாவைச் சற்று முறுக்கிக் கட்டினால், அது காற்றில் ஆடி ஒளியும் ஓசையும் எழுப்பிக் கிளிகளை அகற்றும். பால் பிடிக்கும் பருவத்திலிருந்து அறுவடை வரையுள்ள சில வாரங்கள் மட்டும் காவலைக் கூட்டினால் போதும். பயிரைக் காப்பது வேறு. கிளியைக் கூண்டில் அடைப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இப்பொழுதே வீட்டில் பச்சைக்கிளி வைத்திருப்போர் என்ன செய்வது? அதனைப் பிறருக்கு விற்கவோ, தோட்டத்தில் திறந்து விடவோ வேண்டாம். அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் தெரிவித்து ஒப்படைப்பதே முறை. பறக்க இயலாத பறவையைத் திறந்து விடுவது விடுதலை ஆகாது.

வளர்க்கத் தக்க கிளி எது?

வீட்டில் வளர்ப்பதற்கு ஏற்றது, பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்து வரும் அயல்நாட்டுச் சிறு கிளியே. அவற்றுள் தலையாயது பட்ஜரிகர் என்னும் ஆஸ்திரேலியக் கிளி. நம் ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் இதுதான். உண்மையில் அப்பெயருக்குரிய பறவை வேறு. அது ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, வால் குட்டையானது, அலகு தடித்தது. பட்ஜரிகர் மெலிந்த உடலும் நீண்ட வாலும் உடையது. வால் உட்பட ஏறக்குறைய 7 அங்குல நீளமும், 30 முதல் 40 கிராம் வரை எடையும் இருக்கும். கடைகளில் காக்டெய்ல் என்று கூறப்படும் கொண்டைக் கிளியும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததே. அது ஓர் அடிக்கு மேல் நீளம் உள்ளதால் பெரிய கூண்டு தேவை.

ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் புல் விதைகளைத் தின்று, மழையைத் தேடிக் கூட்டங்கூட்டமாகத் திரியும் பறவை பட்ஜரிகர். 1805இல் ஜார்ஜ் ஷா என்பவர் இதனை முதன்முதலில் விவரித்து எழுதினார். 1840இல் ஜான் கோல்டு என்னும் பறவையியலாளர் இதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அன்றுமுதல் கூண்டில் பெருகி, இன்று நாய், பூனைக்கு அடுத்தபடியாக உலகெங்கும் வீடுகளில் வாழ்கிறது. வறண்ட நிலத்துப் பறவையாதலால் நமது தட்பவெப்பமும் சிறுதானியமும் அதற்கு ஒத்துப் போகின்றன.

அயல்நாட்டுப் பறவைகளுக்கும் சட்டம் உண்டு. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வாணிபம் பற்றிய 1973ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் கிளி இனங்கள் ஏறத்தாழ அனைத்தும் சேர்க்கப்பட்டுள்ளன. அவ்வாறு சேர்க்கப்பட்ட பறவையை வைத்திருப்போர், 2024இல் வெளியான விதிகளின்படி மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் 'பரிவேஷ்' இணைய தளத்தின் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். பட்ஜரிகர், காக்டெய்ல், இளஞ்சிவப்பு முகமுள்ள ஆப்பிரிக்க லவ் பேர்டு ஆகிய மூன்றும் அந்த ஒப்பந்தத்தின் பட்டியலில் இல்லை. ஆனால் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள பிஷர் லவ் பேர்டு போன்றவை பட்டியலில் உண்டு. புதிதாகத் தொடங்குவோர் பட்ஜரிகருடன் நிற்பது எல்லா வகையிலும் நன்று.

கூண்டும் இடமும்

முதலில் கூண்டு, பின்னரே பறவை. ஒரு ஜோடிக்குக் குறைந்தது 2 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் வேண்டும். கிளி மேலும் கீழுமாகப் பறப்பதில்லை, பக்கவாட்டில் பறக்கிறது. ஆகையால் உயரத்தைவிட நீளமே முக்கியம். வட்டமான அலங்காரக் கூண்டு மனிதர் கண்ணுக்கு அழகு, பறவைக்குத் தொல்லை. அசைய இடமில்லாத கூண்டில் ஓர் உயிரை அடைப்பது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றமாகும்.

கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேற்படக் கூடாது. துத்தநாகப் பூச்சுள்ள புதிய வலையைக் கிளி கடித்தால் நஞ்சாகும். ஆகவே காடியில் நனைத்த தூரிகையால் நன்கு தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்த பின்னரே கூண்டு கட்ட வேண்டும். உட்காருவதற்கு வேம்பு, கொய்யா, புங்கக் கிளைகளைப் பட்டையுடன் வையுங்கள். கிளைகளின் தடிமன் வேறுபட்டிருந்தால் காலுக்கு நல்லது. மருந்து தெளித்த மரத்தின் கிளையை வெட்டி வரக் கூடாது.

கூண்டு வைக்கும் இடம் காலை வெயில் சற்றே படுவதாகவும், உச்சி வெயில் படாததாகவும் இருக்க வேண்டும். தகரக் கூரையின் அடியிலும் சமையலறையிலும் வைக்கவே கூடாது. விறகுப் புகை, கொசுவர்த்திப் புகை, சாம்பிராணிப் புகை ஆகியவை கிளியின் நுரையீரலைக் கெடுக்கும். பூச்சுப் பூசிய ஒட்டாத தோசைக்கல் மிதமிஞ்சிக் காய்ந்தால் எழும் ஆவி சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். கோடையில் கிளி வாயைத் திறந்து சிறகை அகற்றி மூச்சு வாங்கினால், வெப்பம் தாங்கவில்லை என்று பொருள். கூரைமேல் தென்னங்கீற்றுப் பரப்பி, பக்கத்தில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, குளிக்க ஓர் அகன்ற மண்தட்டில் தண்ணீர் வையுங்கள்.

எலி, பூனை, பாம்பு, எறும்பு ஆகிய நான்கும் கிராமத்தில் கிளியின் பகைகள். கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவது எறும்பைத் தடுக்கும். பொந்திலுள்ள இளங்குஞ்சை எறும்பு மொய்த்தால் ஓர் இரவில் எல்லாம் முடிந்துவிடும். சிந்திய தானியத்தை மாலையில் பெருக்கி எடுத்தால் எலி வருவது குறையும்.

உணவு

இவ்விஷயத்தில் விவசாயிக்கு இணையானவர் இல்லை. தினை, சாமை, பனிவரகு, கம்பு, கேழ்வரகு ஆகியன அனைத்தும் நம் நிலத்தில் விளைபவை. தினையையும் பனிவரகையும் மிகுதியாகவும் மற்றவற்றைச் சிறிதாகவும் கலந்து கொடுக்கலாம். முற்றிய தினைக் கதிரையே தொங்கவிட்டால், கிளி அதனைக் கொத்தி எடுப்பதில் நாள் முழுதும் மகிழும். வளர்ந்த கிளி ஒன்றுக்கு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு தேக்கரண்டி தானியம் போதுமானது.

ஒரு செய்தியை நன்றாக மனத்தில் கொள்ளுங்கள். கிளி தானியத்தின் உமியை நீக்கிப் பருப்பை மட்டும் தின்று, உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். மேலே பார்ப்பவருக்குக் கிண்ணம் நிறைந்திருப்பது போலத் தோன்றும். உள்ளே ஒரு மணியும் இராது. இவ்வாறு நிறைந்த கிண்ணத்தின் முன்னே பட்டினியால் இறக்கும் கிளிகள் உண்டு. நாள்தோறும் காலையில் உமியை ஊதிவிட்டுப் பாருங்கள்.

தானியம் மட்டும் போதாது. அதில் வைட்டமின் ஏ-யும் சுண்ணாம்புச் சத்தும் குறைவு. முருங்கைக்கீரை, அறுகீரை, கொத்தமல்லி ஆகியவற்றை நன்கு கழுவிக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுங்கள். கேரட்டைத் துருவிக் கொடுக்கலாம். முளைகட்டிய பச்சைப் பயறும் கம்பும் இனப்பெருக்க காலத்தில் மிகச் சிறந்தவை. சுண்ணாம்புச் சத்துக்கு, நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கிடைக்கும் கணவாய் ஓட்டைக் கூண்டில் கட்டிவிடுங்கள். முட்டை ஓட்டை வேகவைத்து உலர்த்திப் பொடித்தும் தரலாம். காப்பி, தேநீர், சாக்லெட், உப்பிட்ட பண்டம், வெண்ணெய்ப்பழம் ஆகியவற்றை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. மருந்தடித்த வயலின் கதிரும் கீரையும் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரைக் காலையும் மாலையும் மாற்றுக.

ஆணும் பெண்ணும்

மூக்கின் மேலே மெழுகு போன்ற சதை ஒன்று இருக்கிறது. முதிர்ந்த ஆணுக்கு அது நீலமாகவும், பெண்ணுக்கு வெளிறியோ பழுப்பாகவோ இருக்கும். முட்டையிடும் பருவத்தில் பெண்ணின் சதை பழுப்பேறிச் சொரசொரப்பாகும். முழு மஞ்சள், முழு வெள்ளை வகைகளில் ஆணுக்கும் நீலம் ஏறுவதில்லை. ஊதா கலந்த இளஞ்சிவப்பாகவே இருக்கும். இளங்குஞ்சின் நெற்றியில் மூக்குவரை கோடுகள் இறங்கியிருக்கும்; மூன்று நான்கு மாதத்தில் சிறகுதிர்த்தபின் நெற்றி தெளிந்துவிடும். வாங்கும்போது இதனைப் பார்த்தால் வயது ஏமாற்றம் நேராது. கண் ஒளியுடனும், மலத்துவாரத்தைச் சுற்றிய சிறகு தூய்மையாகவும், மூச்சு ஓசையின்றியும் உள்ள பறவையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனப்பெருக்கம்

பெண் கிளிக்கு 10 மாதமாவது நிறைவதற்கு முன் கூடு வைக்கக் கூடாது. இளம் பெண் முட்டையை வெளியேற்ற இயலாது வயிற்றிலே தங்கி இறந்துபோகும். இது பொந்துப் பறவை. பொந்து இல்லையேல் பெரும்பாலும் முட்டையில்லை. ஆகவே வளர்ப்பவர் கையில் உள்ள கடிவாளம் கூட்டுப் பானையே. பானையை வைத்தால் பெருகும், எடுத்துவிட்டால் நிற்கும். இந்த ஓர் உண்மையை அறிந்தவர் கிளி வளர்ப்பில் பாதி கற்றவராவார்.

ஐப்பசி முதல் மாசி வரை நம் பக்கத்தில் நல்ல பருவம். பங்குனி பிறந்ததும் பானைகளை எடுத்துவிட்டுக் கோடை முழுதும் பறவைகளுக்கு ஓய்வு கொடுங்கள். குயவர் செய்து தரும் சிறு மண்கலயத்தில் 2 அங்குல வாயில் அமைத்துக் கூண்டின் மேற்பகுதியில் சாய்வாகக் கட்டலாம். மரப்பெட்டியானால் அடிப்பலகையைக் கிண்ணம்போல் குடைந்திருக்க வேண்டும். தட்டையான, வழுக்கும் தரையில் வளரும் குஞ்சின் கால்கள் இரு பக்கமும் விரிந்து ஊனமாகும். அடியில் சிறிது மரத்தூள் பரப்பினால் நலம்.

பெண் கிளி ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிட்டு, நான்கு முதல் ஆறு முட்டைவரை இடும். அதுவே தனியாக அடைகாக்கும். ஆண் கிளி வெளியேயிருந்து அதற்கு இரை ஊட்டும். ஒவ்வொரு முட்டையும் ஏறத்தாழ 18 நாளில் பொரியும். முட்டையிட்ட வரிசைப்படியே பொரிவதால் ஒரே பானையில் மூத்த குஞ்சும் கடைக்குட்டியும் அளவில் பெரிதும் வேறுபட்டிருக்கும். கடைக்குட்டி நசுங்காமல் இருக்கிறதா என்று நாளுக்கு ஒருமுறை பாருங்கள். குஞ்சு பிறக்கும்போது சிறகின்றிக் கண் மூடியிருக்கும். ஐந்தாவது வாரத்தில் பானையை விட்டு வெளிவரும். ஆறு வாரம் ஆகித் தானே உமி நீக்கித் தின்னக் கற்ற பின்னரே தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு ஈடு போதும். மூன்றாவது ஈட்டுக்கு ஆசைப்படுபவர் தாய்ப்பறவையை இழப்பார்.

பல ஜோடிகளை ஒரே பெரிய கூண்டில் விட்டால், ஜோடிகளின் எண்ணிக்கையைவிட இரண்டு பானை கூடுதலாக, எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஜோடியற்ற பெண் ஒன்றேனும் இருந்தால் அது பிறர் பானையில் புகுந்து முட்டையை உடைக்கும், குஞ்சைக் கொல்லும்.

நிறத்தின் கணக்கு

காட்டிலுள்ள பட்ஜரிகர் பச்சையும் மஞ்சளும் கலந்தது. கூண்டில் வளர்த்தபோது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீலமும் மஞ்சளும் தோன்றின. பச்சை மேலோங்கும் தன்மை உடையது. நீலம் மறைந்து நிற்கும் தன்மை உடையது. கலப்பற்ற பச்சையையும் நீலத்தையும் சேர்த்தால் குஞ்சுகள் எல்லாம் பச்சையே. ஆனால் அவை ஒவ்வொன்றும் நீலத்தை மறைவாகச் சுமக்கும். அத்தகைய இரண்டைச் சேர்த்தால், சராசரியாக நான்கில் ஒன்று நீலமாகப் பிறக்கும். பச்சை ஜோடிக்கு நீலக் குஞ்சு பிறந்ததே என்று வியக்க வேண்டியதில்லை. பட்டாணியில் மெண்டல் கண்ட விதியே இங்கும் நடக்கிறது. உடன்பிறந்தவற்றை மீண்டும் மீண்டும் சேர்த்தால் வமிசம் நலியும். ஆகவே ஒவ்வொரு குஞ்சின் பெற்றோரையும், பிறந்த நாளையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விதை நெல்லுக்கு நாம் காட்டும் கவனத்தைக் கிளிக்கும் காட்டுவோம்.

நோய்

பஞ்சு உருண்டைபோல் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கி உட்காரும் கிளி நோயுற்ற கிளி. கிளி தன் நோயைக் கூடுமானவரை மறைக்கும்; நமக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். அதனை உடனே தனிமைப்படுத்தி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அலகைச் சுற்றித் தேன்கூடுபோல் பொருக்குத் தட்டினால் அது கண்ணுக்குத் தெரியாத உண்ணியால் வருவது, மருந்துண்டு. புதிதாக வாங்கிய பறவையை 30 நாள் தனியே வைத்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

இரண்டு செய்திகள் நம் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் உரியவை. கிளிக் காய்ச்சல் என்னும் சிட்டகோசிஸ் பறவையின் எச்சத்தூசி வழியாக மனிதருக்குப் பரவும். 1929-30இல் இது பல நாடுகளில் பரவிப் பலரைப் பலி கொண்டது. இன்று இதற்கு நல்ல மருந்து உண்டு. ஆனால் நோயை அறிந்தால்தான் மருந்து. கிளி வளர்ப்போருக்குக் கடும் காய்ச்சலும் தலைவலியும் வறட்டிருமலும் வந்தால், 'எங்கள் வீட்டில் கிளி இருக்கிறது' என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கூண்டைப் பெருக்குமுன் தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்க. கருவுற்ற தாய்மார் இவ்வேலையைச் செய்ய வேண்டாம்.

மற்றொன்று, கோழிகளைக் கொள்ளை கொள்ளும் வெள்ளைக் கழிச்சல் என்ற ராணிக்கெட் நோய். கிளிகளும் இதனைச் சுமந்து வரக்கூடும். 1971இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இறக்குமதியான கூண்டுப் பறவைகளால் இந்நோய் பரவி, ஏறத்தாழ ஒரு கோடியே இருபது லட்சம் பறவைகளை அழிக்க நேர்ந்தது. நாட்டுக்கோழி வளர்ப்போர் கிளிக்கூண்டைக் கோழிக் கொட்டிலுக்கு அப்பால் வைத்து, கோழிகளுக்குத் தவறாமல் தடுப்பூசி போடுக.

வருவாயின் கணக்கு

இனிப் பணத்துக்கு வருவோம். ஒரு ஜோடி ஆண்டுக்கு இரண்டு ஈட்டில், ஈட்டுக்கு நான்காக 8 குஞ்சு கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து ஜோடிக்கு 80 குஞ்சு. இருபது பெரிய பறவைகளுக்கு நாளைக்குத் தலா 10 கிராம் என்று தாராளமாகக் கணக்கிட்டால் 200 கிராம், மாதம் 6 கிலோ, ஆண்டுக்கு 73 கிலோ தானியம். குஞ்சுகளின் உணவு தனி. தானியத்தைச் சொந்த நிலத்தில் விளைவிப்பவருக்கு இது பெரும் செலவன்று. ஆனால் கேள்வி தீனியில் இல்லை. 80 குஞ்சுகளை யார் வாங்குவார் என்பதில் இருக்கிறது. ஒரு தெருவில் பத்து வீட்டார் ஒரே சமயத்தில் தொடங்கினால் 800 குஞ்சு. பக்கத்து நகரத்துக் கடைக்காரர் தாம் கூறுவதே விலை என்று நிற்பார்.

ஆகவே மகளிர் சுய உதவிக் குழுவினருக்கு நான் கூறும் யோசனை இதுதான். கடன் வாங்கித் தொடங்காதீர்கள். இரண்டு ஜோடியோடு ஓராண்டு கைப்பழக்கம் பெறுங்கள். குஞ்சை வாங்குபவர் யார் என்று நிச்சயமான பின்னரே பானையைக் கட்டுங்கள். வாங்குவோர் குறைந்தால் பானையை எடுத்துவிடுங்கள். '2 ஜோடி வாங்கினால் குஞ்சு அனைத்தையும் நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம்' என்று கூறி அதிக விலைக்குப் பறவை விற்போரிடம் எச்சரிக்கை தேவை. கடைவைத்து விற்க விரும்புவோருக்கு 2018ஆம் ஆண்டின் செல்லப் பிராணிக் கடை விதிகளின்படி பதிவு தேவை. பறவையோடு கூண்டு, கதிர்த்தினை, மண்கலயம் ஆகியவற்றையும் சேர்த்து விற்றால் குயவருக்கும் சிறுதானியம் பயிரிடுவோருக்கும் ஒரு சிறு சந்தை உண்டாகும்.

விடுவிப்பது தருமமாகாது

விற்காத குஞ்சைக் காட்டில் விட்டுவிட்டால் புண்ணியம் என்று எண்ணுவோர் உண்டு. கூண்டில் பிறந்த பட்ஜரிகர் இரை தேடி அறியாது. மஞ்சளும் நீலமும் காகத்தின் கண்ணுக்குத் தப்பாது. தப்பிப் பிழைக்கும் இனமாயிருந்தாலோ தொல்லை வேறு விதமாக வரும். நம் பச்சைக்கிளியே இதற்குச் சான்று. இங்கிலாந்தில் கூண்டிலிருந்து வெளியேறிய இப்பறவைகள் 1969இல் அங்கே திறந்தவெளியில் குஞ்சு பொரிப்பது கண்டறியப்பட்டது. இன்று லண்டன் நகரப் பூங்காக்களில் கூட்டமாக வாழ்ந்து, பழத்தோட்டங்களில் இறங்கி, அந்நாட்டுப் பறவைகளின் பொந்துகளுக்குப் போட்டியிடுகின்றன. ஓர் ஊரின் செல்வம் மற்றோர் ஊரில் சுமையாகும். ஆகவே வளர்க்க முடிந்த அளவுக்கே பெருக்குவதுதான் தருமம்.

ஊராட்சிகள் செய்ய வேண்டியவை

உறுப்பினர்களே! உங்களால் செய்யக்கூடியன மூன்று. முதலாவது, பொந்துள்ள முதிய மரங்களையும் மொட்டைப் பனைகளையும் காப்பது. பனை நம் மாநில மரம். அதனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டுள்ளது. காய்க்காத பனை விறகுக்குத்தானே என்று கருத வேண்டாம். அது பத்துப் பறவைகளின் வீடு. ஆந்தைக்கும் அதுவே வீடு; ஆந்தை வயல் எலிக்கு எமன். சாலையோரத்தில் மக்கள் மேல் விழக்கூடிய மரத்தை மட்டும் முறைப்படி அகற்றுங்கள்.

இரண்டாவது, தை மாதத்துக்கு முன்னரே பள்ளி ஆசிரியர்களைக் கொண்டு, பொந்தில் கைவிடக் கூடாது என்பதைச் சிறுவர்க்கு எடுத்துரைப்பது. பனையில் ஏறி விழுந்து கை, கால் இழக்கும் சிறுவனையும், பொந்துக்குள் இருக்கும் பாம்பையும் எண்ணினால் இது கிளியைக் காப்பது மட்டுமன்று, பிள்ளையைக் காப்பதுமாகும்.

மூன்றாவது, கிராம சபைக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைப்பது. குடியரசு நாளன்று கூடும் சபை பச்சைக்கிளி குஞ்சு பொரிக்கும் பருவத்திலேயே வருகிறது. யார் வீட்டில் கிளி இருக்கிறது என்று ஒற்றுப் பார்த்துப் பகை வளர்ப்பதற்காக அன்று. வைத்திருப்போர் அச்சமின்றி ஒப்படைக்க வழி சொல்வதற்காக. வளர்க்க விரும்புவோருக்குக் கூண்டில் பிறந்த பறவையைக் காட்டுவதற்காகவும் ஆகும்.

முடிவாகச் சொல்வது இவ்வளவே. மரத்தில் பிறந்த கிளி மரத்துக்கே உரியது. கூண்டில் பிறந்த கிளியை வளர்ப்பவர், அதன் தீனிக்கும், நிழலுக்கும், அது ஈனும் குஞ்சுக்கும் பொறுப்பேற்க வேண்டும். அப்பொறுப்பை ஏற்க முடியாதவர், அதிகாலையில் ஊர்ப் பனைமரத்தின் அடியில் சற்று நேரம் நின்றால் போதும். கூண்டின் செலவின்றியே கிளிகளின் பேச்சைக் கேட்கலாம்.